நீலமா, கறுப்பா? கடைமடையில் ஒரு பழைய டிவியோடு பதினாறு ஆண்டுகள்

எங்கள் வீட்டில் இருப்பது 2008 தீபாவளிக்கு வாங்கிய 21 அங்குல பிக்சர் டியூப் டிவி. ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், கிணற்றுக் கப்பி எதுவும் இந்த உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் தாங்காது. அந்தக் காற்றில்தான் இந்த டிவி பதினாறு ஆண்டுகளாக ஓடுகிறது. இடையில் நான்கு முறை படம் வராமல் போனது. நான்கு முறையும் காரணம் வேறு. டிவிக்குள்ளே பழுது இருந்தது ஒரே ஒரு முறைதான்.

முதல் முறை கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முந்தின நாளே டிவியைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தோம். ஓடுகள் பறந்தன, தென்னைகள் சாய்ந்தன, டிவி நனையவில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப நாற்பது நாள் ஆயிற்று. வந்த அன்று டிவியைப் போட்டால் சத்தம் வருகிறது, திரை முழுக்க வெறும் நீலம். டவுனில் ஒரு கடைக்காரர் வந்து பார்த்து, பிக்சர் டியூப் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த நீலத்தைக் காட்டுவதே பிக்சர் டியூப்தானே? ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால் பச்சைக் கோடு திரையில் நீள்கிறது. டியூப் செத்திருந்தால் அது எப்படித் தெரியும்? டிவி உயிரோடு இருக்கிறது, அதற்குப் படம் வந்து சேரவில்லை என்பதுதான் நீலத் திரைக்குப் பொருள்.

டிவியைத் திருப்பி, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் வயர்களைக் கழற்றினேன். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. மஞ்சள் பின் செருகும் துளையின் விளிம்பில் பித்தளைக் குத்துவிளக்கில் படிவதுபோலப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வெள்ளைத் துளை சுத்தமாக இருந்ததால் சத்தம் மட்டும் வந்திருக்கிறது. விளக்குத் தேய்க்கும் பழக்கத்தில் அம்மா புளி எடுத்து வந்தார். வேண்டாமம்மா என்று தடுத்தேன். புளிப்பு உள்ளே தங்கினால் மீண்டும் அரிக்கும், ஈரமும் ஆகாது. டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். காய்ந்ததும் பின்னைச் செருகி நாலைந்து தடவை திருகினேன். படம் வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு தை மாதமும், மழைக்காலம் முடிந்த கையோடு, இதைச் செய்கிறேன். இந்தப் பதினாறு ஆண்டுகளில் டிவிக்கு நான் செய்த மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

"படம் வரவில்லை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நீலத் திரை வேறு, புள்ளி புள்ளியாக இரைவது வேறு, இருட்டு வேறு, ஒற்றைக் கோடு வேறு. அம்மா புள்ளித் திரையை "அரிசி பொரிகிறது" என்பார். அப்பா காலத்தில் அது தினசரிக் காட்சி. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க இந்தக் கரையோரம் கூரைக்கு மேல் கம்பம் நட்டு ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இன்று அரிசி பொரிந்தால், பெரும்பாலும் டிவி, வயரில் வரும் படத்தைக் காட்டும் ஏ.வி.யில் இல்லாமல், ஆண்டெனா சேனலில் நிற்கிறது என்று பொருள். ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். பின்பக்கம் ஏ.வி. இன், ஏ.வி. அவுட் என இரண்டு வரிசை இருக்கும் டிவிகளும் உண்டு. வயரை அவுட்டில் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முறை டிவிடி பிளேயரால் வந்தது. தங்கை கல்யாண டிஸ்க்கைப் போட்டோம். சத்தம் இருக்கிறது, படம் இல்லை. அதே வயரை செட்டாப் பாக்ஸுக்கு மாற்றினால் நன்றாக வருகிறது. அப்படியானால் வயரும் டிவியும் குற்றமற்றவை. குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி விளையாடியதில் பிளேயரின் வீடியோ வெளியீடு மாறிப்போயிருந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயரில் படம் அனுப்பும் முறைக்குப் போய்விட்டால் பல பிளேயர்களில் மஞ்சள் துளை பேசாது. அதை மாற்றும் மெனுவும் திரையில் தெரியாது என்பதுதான் சங்கடம். டிஸ்க்கை எடுத்துவிட்டு, ரிமோட்டில் வீடியோ வகையை மாற்றும் பொத்தானை ஒவ்வொரு முறையும் சில விநாடி இடைவெளி விட்டு அழுத்தினேன். மூன்றாவது அழுத்தலில் படம் வந்தது.

உண்மையான பழுது 2021இல் வந்தது. மாலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது படம் சட்டென்று ஒடுங்கி, திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. இப்படி ஆனால் உடனே அணைத்துவிட வேண்டும். திரை முழுக்கப் பரவ வேண்டிய எலக்ட்ரான் கற்றை ஒரே கோட்டில் குவிவதால் திரையின் பூச்சு அந்த இடத்தில் கருகிவிடும். இதில் நான் கை வைக்கவில்லை. பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். பின்மூடியைத் திறப்பது பழகியவர்கள் வேலை.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் வந்தார். போர்டை வெளியே எடுத்து, படத்தை மேலும் கீழும் விரிக்கும் ஐசி என்ற சில்லைக் காட்டினார். "தம்பி, இந்தக் காலைப் பாருங்கள்" என்று லென்ஸை என் கையில் கொடுத்தார். ஐசியின் ஒரு காலைச் சுற்றி, ஈயத்தில், மோதிரம் போல மெல்லிய கறுப்பு விரிசல். பல ஆண்டுச் சூட்டில் விரிந்து சுருங்கி ஈயம் விட்டுப்போயிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். ஐசியை மாற்றவே இல்லை. கூலி 350 ரூபாய்.

திரை முழு இருட்டாக இருந்து சத்தம் மட்டும் வந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். டிவியைப் போடும்போது முழங்கையைத் திரைக்கு அருகே வைத்தால் மயிர் சிலிர்க்கிறதா? அறையை இருட்டாக்கிவிட்டுப் பின்பக்கக் காற்றுத் துளை வழியே பார்த்தால், டியூபின் கழுத்தில் சிறிய செம்மஞ்சள் ஒளி தெரிகிறதா? இரண்டையும் போனில் சொன்னால் அவர் பாதி வேலையை முடித்துக்கொண்டு வருவார். எல்சிடி டிவியாக இருந்தால் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடிக்க வேண்டும். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் போனது பின்விளக்குதான்.

கடைசிக் கதை, புதிய கருவிகள் ஹெச்.டி.எம்.ஐ. வயரில் அனுப்பும் படத்தைப் பழைய டிவிக்கான ஏ.வி.யாக மாற்றும் சிறிய பெட்டி. தியாகராஜர் ஆராதனையைத் திருவையாற்றிலிருந்து நேரலையில் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டதால் வாங்கினேன். இணைத்த அன்று திரை நீலம். இந்தப் பெட்டிக்கு 5 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும்; நான் அடாப்டர் கொடுக்கவில்லை. கொடுத்ததும் படம் வந்தது, ஆனால் உருண்டு ஓடியது. பக்கவாட்டில் இருந்த சிறிய சுவிட்ச், அமெரிக்க டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் நின்றது. நம் நாட்டு முறையான பால் (PAL) பக்கம் தள்ளியதும் படம் உருள்வது நின்றுவிட்டது.

மூன்று ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன்: பாட்டுக் கச்சேரிக்கும் செய்திக்கும் இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். எழுத்துப் படிக்க உதவாது. பால் முறையில் 576 வரிதான், மெனுவின் சிறிய எழுத்துகள் கசிந்து தெரியும், ஓரங்கள் வெட்டுப்படும், அகலப் படத்தில் முகங்கள் ஒல்லியாக நீளும். பெட்டி சூடாகிறது, டிவிக்கு மேல் வைக்காமல் தனியாகச் சுவரோரம் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றிவிடுகிறோம்.

இந்த மாடலுக்கு உதிரி பாகம் இப்போது கடையில் கிடைப்பதில்லை. மெக்கானிக் அண்ணன் எடுப்பது, 2006இல் தொடங்கி அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச டிவிகளிலிருந்துதான். பொருந்துவதைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கஜாவில் நனைந்த பக்கத்து வீட்டு டிவி ஒன்றைப் பழைய இரும்புக்காரர் செப்புக் கம்பிக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி வாங்கி, சைக்கிளில் கட்டி, அண்ணன் கடையில் இறக்கிவிட்டு வந்தேன்.