ரெய்னாக்ஸ் டிசிஆர்-250: தும்பைப் பூச் சிலந்தியை நெருங்க ஒரு துணை வில்லை

ஜப்பானியத் தயாரிப்பான ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 என்பது தனியாகப் படமெடுக்கும் லென்ஸ் அன்று. ஏற்கெனவே கையில் இருக்கும் லென்ஸின் முகப்பில் மாட்டிக்கொள்ளும் துணை வில்லை. இரு பக்கமும் அழுத்தினால் உள்வாங்கும் பிடிப்பான் 52 முதல் 67 மில்லிமீட்டர் வரையிலான முகப்பு அளவுகளுக்குப் பொருந்துவதால், பெரும்பாலானோர் கேமராவுடன் சேர்த்து வாங்கும் 55-250 வகை ஜூம் லென்ஸே இதற்குப் போதும். சிறு உயிர்களை மிக நெருக்கத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் வாங்கும் பணத்தில் சிறு பகுதிதான் இதற்குச் செலவாகும். காட்டுப் பூக்களில் எட்டுக்காலி தேடி அலையும் என் போன்ற ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கிய ஒற்றைக் கண்ணாடி வில்லைகளின் தொகுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் எடுத்த படங்களில் வெண்ணிறப் பூவிதழின் ஓரமெல்லாம் ஊதா நிறக் கோடு படிந்து, சிலந்தியின் கால் மயிர்கள் பஞ்சுபோலக் கலைந்து தெரியும். ரெய்னாக்ஸில் மூன்று கண்ணாடிகள் இரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளன; ஒரு கண்ணாடி சிதறடிக்கும் நிறத்தை மற்றொன்று திருத்திவிடுவதால், தும்பைப் பூவின்மேல் வெள்ளை நண்டுச் சிலந்தி அமர்ந்திருக்கும் கடினமான காட்சியிலும் ஓரங்கள் சுத்தமாக வருகின்றன. வெள்ளையின்மேல் வெள்ளையைப் பிரித்துக் காட்டுவதைவிடப் பெரிய சோதனை ஒரு வில்லைக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

இதன் திறன் 8 டயாப்டர் (வில்லை ஒளியைக் குவிக்கும் ஆற்றலின் அலகு). முதன்மை லென்ஸை முடிவிலிக்குக் குவித்தால், பொருள் வில்லையிலிருந்து ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஜூமை 250 மில்லிமீட்டருக்கு இழுத்தால் உருவம் கேமராவின் உணரியில் இரு மடங்காகப் பதிவாகும், அதாவது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகல உணரி கொண்ட ஏபிஎஸ்-சி வகைக் கேமராவின் சட்டத்தில் 11 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே அடங்கும். புதிதாக வாங்கியவர் செய்யும் முதல் தவறும் இப்படி முழுவதும் இழுப்பதே, நானும் செய்தேன். இரு மடங்கில், லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கினாலும், தெளிவாகப் பதியும் ஆழம் கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கண் தெளிந்தால் கால் மங்கும், சிலந்தி எந்தப் பூவில் இருந்தது என்பதே படத்தில் தெரியாது. 135 மில்லிமீட்டரில் நிறுத்திக்கொண்டால் சட்டத்தின் அகலம் 20 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வெட்டுக்காயப்பூண்டின் பூ முழுவதும், அதன் விளிம்பில் முன்னிரு இணைக் கால்களையும் அகல விரித்துத் தேனீக்காகக் காத்திருக்கும் நண்டுச் சிலந்தியும் ஒருசேர அடங்கும். வலை பின்னிக் காத்திராமல் பூவையே பொறியாக்கிக்கொள்ளும் உயிர் அது; பூவை வெட்டிவிட்டு அதன் கண்களை மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜூமை மிகவும் குறைத்தால் மூலைகள் கறுத்துவிடும். 100 மில்லிமீட்டருக்குக் கீழே நான் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லையைவிடக் காற்றே பெரிய சிக்கல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கத்துப் புல்வெளியில் அந்த மாதங்களில் தும்பைச் செடி ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில், விடிந்து ஒரு மணி நேரத்திற்குள் கிடைக்கும் அமைதியே எனக்குக் கைகொடுத்தது. அப்போதும் தானியங்கிக் குவிப்பை நம்பாமல், அதை அணைத்துவிட்டு, இடது கையால் செடியின் தண்டையும் லென்ஸின் முனையையும் சேர்த்துப் பிடித்து, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் குவிப்பதே சரியான முறை. இப்படி மண்ணில் முழங்கையூன்றிக் கிடந்த ஒரு காலையில், புல்லறுக்க வந்த ஆச்சி ஒருவர், "மோதிரம் ஏதும் தொலஞ்சு போச்சா மக்களே?" என்று கேட்டுவிட்டுத் தாமும் குனிந்து தேடத் தொடங்கினார். பூவிலிருந்த எட்டுக்காலியைக் காட்டியதும், இதற்காகவா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

ஒளிக்காக மேலும் செலவு செய்ய வேண்டியதில்லை. துளையை எஃப்/11 வரை சுருக்கும்போது இருள் கூடுவதால் பிளாஷ் கட்டாயம் வேண்டும். கேமராவில் உள்ள சிறு பிளாஷே போதுமானது, அதன் நொடிப்பொழுது வெளிச்சம் செடியின் நடுக்கத்தையும் ஓரளவு உறையவைத்துவிடும். ஆனால் அதை நேராக அடித்தால் லென்ஸின் நிழல் பூவின்மேல் விழும், சிலந்தியின் வழவழப்பான வயிறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மின்பொருள்களைப் பொதிந்துவரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை லென்ஸைச் சுற்றிக் குடைபோல் கட்டியதில் இரண்டு குறைகளும் பெருமளவு தீர்ந்தன.

பெண் நண்டுச் சிலந்தியின் பக்கத்தில் கடுகளவே தெரியும் ஆணையும், இரண்டு மில்லிமீட்டர் குஞ்சுகளையும் எடுக்க விரும்புவோருக்கு மட்டுமே இரு மடங்கு உருப்பெருக்கம் உண்மையில் தேவைப்படும். பட்டாம்பூச்சியும் தட்டானும்தான் விருப்பம் என்றால் 12 சென்டிமீட்டர் நெருக்கத்திற்கு அவை பறந்துவிடும். அவர்கள் இதே நிறுவனத்தின் திறன் குறைந்த டிசிஆர்-150 வில்லையை வாங்கலாம். அசையாமல் காத்திருக்கும் நண்டுச் சிலந்திக்கு டிசிஆர்-250 போதும்.