உக்கடத்தில் எடுத்த பழைய கிரைண்டர்: ஏழு வருடம் ஆட்டிப் பார்த்த பிறகு

2018 ஆடி மாதம், கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் இதைப் பார்த்தேன். டிரம், ஸ்டாண்டு, மோட்டார் மூன்றையும் எடை போட ஒதுக்கி வைத்திருந்தார்கள். கல்லை மட்டும் சுவரோரம் உருட்டிவிட்டிருந்தார்கள். "கல்லை யாருங்க கேக்கறாங்க, வேணும்னா சும்மா எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். இரும்பு விலைக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவரக் குட்டியானை வண்டிக்கு 400.

அவர் சும்மா கொடுத்த கல்தான் உண்மையில் கிரைண்டர். மற்றதெல்லாம் அதைச் சுற்றவைக்கும் ஏற்பாடு. மோட்டாருக்குக் காயில் கட்டலாம், பேரிங் மாற்றலாம், டிரம்மை லேத்துக்காரரிடம் கொடுத்து ஒட்டவைக்கலாம். விரிசல் விட்ட கல்லை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் கல்லைத்தான் சோதித்தேன். ஸ்பேனரால் தட்டினால் 'டிங்' என்று மணிச் சத்தம் வர வேண்டும். 'தொப்' என்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. அப்புறம் கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காயவிட வேண்டும். எல்லாப் பக்கமும் காய்ந்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக மயிரிழை மாதிரி ஈரக்கோடு நின்றால் அந்தக் கல் வேண்டாம். கடைக்காரர் டீ குடித்து வரும்வரை வெயிலில் நின்று பார்த்தேன். கோடு எதுவும் இல்லை.

சபாபதி என்பவர் 1955-ல் முதல் கிரைண்டரைச் செய்தது இந்தக் கோவையில்தான். உரலும் மோட்டாரும் சேர்ந்த அந்த யோசனைக்குப் பிறகு ஊரில் தெருவுக்குத் தெரு பட்டறை வந்தது. 2005-06-ல் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011-ல் அரசு இலவச மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்த பிறகு பெரிய கிரைண்டர்கள் மூட்டை மூட்டையாகத் தன் கடைக்கு வந்தன என்று கடைக்காரர் சொன்னார். நல்ல கல் எத்தனை அஸ்திவாரத்துக்குள் போயிருக்குமோ, நினைத்தால் மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழற்ற உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் உட்காரவில்லை. எல்லாம் இன்ச் போல்ட். ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, காலையில் இன்ச் ஸ்பேனர் இரவல் வாங்கி வந்து திருப்பினேன். ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒட்டு கிடையாது, ரிவெட் கிடையாது, உடைத்தால்தான் திறக்கும் பிளாஸ்டிக் மூடியும் கிடையாது. பழைய சாமான்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணமே இதுதான். பெயர்ப்பலகை மேல் நாலு கோட்டு பெயின்ட். சுரண்டியபோது 'கோயம்புத்தூர்', '1/2 எச்.பி.', '1440' என்ற மூன்று மட்டும் தெரிந்தன. பட்டறையின் பெயர் அழிந்துபோயிருந்தது.

சுவிட்ச் போட்டால் மோட்டார் 'உம்' என்று உறுமியது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் ஒரு சுண்டு சுண்டியதும் ஓடியது. இப்படி இருந்தால் பெரும்பாலும் மோட்டார் கிளம்பத் தள்ளு கொடுக்கும் கெபாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் வேகம் பிடித்ததும் அதைத் துண்டித்துவிடும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் உள்ளே ஒட்டியிருக்கும். எனக்கு இரண்டுமே. அதோடு காயிலின் வார்னிஷ் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சரி, காயிலையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று கொடுத்தேன்.

அங்கே ஏமாந்தேன். செப்புக் கம்பிக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியத்தில் கட்டித் தந்திருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் வாடை. கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக இருந்தது. வேறொருவரிடம் மறுபடி 1,300 ரூபாய் கொடுத்துச் செப்பில் கட்டினேன். காயில் கட்டக் கொடுப்பவர்கள் கட்டுவதற்கு முன்னால் கம்பிச் சுருளைப் பார்த்து, நீங்களே சுரண்டிவிடுங்கள். எரிந்த பழைய செம்புக்கும் எடைக்கு விலை உண்டு, அதைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

பழைய ஒயரில் எர்த் இல்லை. ஈரக்கையோடு தொடுகிற சாமான் இது, தரையும் ஈரமாகத்தான் இருக்கும். மூன்று கம்பி ஒயர் போட்டு, பாடியில் எர்த் முறுக்கி, அந்தப் பிளக் பாயின்டுக்கு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்த பிறகுதான் அம்மாவைத் தொடவிட்டேன். எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் சரி, இதைச் செய்யாமல் எந்தப் பழைய மின்சாமானையும் புழங்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்த்தேன், தூசு பறக்கவிடவில்லை.

அப்புறம் கல் கொத்த வேண்டும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. மொபெட்டில் உளிப்பை மாட்டிக்கொண்டு வரும் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் உண்டு. அவரை நிறுத்திக் கல்லைக் காட்டினேன். குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர், "ஏங்கண்ணு, இதை எங்க புடிச்ச? ஊத்துக்குளிக் கல்லு மாதிரியில்ல இருக்குது" என்றார். சாக்கை விரித்து, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டி, கரித்துண்டால் அடியிலிருந்து விளிம்பு வரை சாய்வாகக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டிலேயே உளி போனது. ஒரு நெல் இடைவெளியில் புள்ளி புள்ளியாக, ஒரே ஆழம். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஊதிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். "ஆழமாக் கொத்துனா மாவு குழியில தங்கிப் புளிச்சுரும் சாமி" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். குழவியும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. 350 ரூபாய் கேட்டார், 500 கொடுத்தேன்.

கொத்திய கல்லில் உடனே மாவாட்டக் கூடாது. கல்லுப்பும் தவிடும் போட்டு மூன்று தடவை ஓட்டிக் கழுவினேன். முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு பழைய அரிசியை ஊறவைத்து ஆட்டி, அந்த மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். இரண்டாவது ஈட்டில்தான் நறநறப்பு முழுவதும் போனது.

இனி புழக்கம். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, டிரம்மில் 16 அங்குலம். ஆக மோட்டாரின் 1,440 சுற்று டிரம்முக்கு வரும்போது 180 ஆகிவிடுகிறது. இந்த நிதானத்தில்தான் ருசியே இருக்கிறது. மிக்சியில் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றி உளுந்தைச் சூடாக்கிவிடும். இதில் 35 நிமிடம் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டினாலும் மாவு கைக்குக் குளுகுளுவென்று இருக்கும். கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டால் பஞ்சு மாதிரி மிதக்கும். முதல் ஈடு இட்லியை அம்மா பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சின்ன டேபிள்டாப் கிரைண்டர் பரணில்தான் இருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இது சாய்க்கும் கிரைண்டர் அல்ல. குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மாவைக் கையால் வழித்து எடுக்க வேண்டும், கழுவிய தண்ணீரையும் கிண்ணத்தால் மொண்டுதான் வெளியேற்ற வேண்டும். அந்தக் குழவியை அம்மாவால் தூக்க முடியாது, நானோ தம்பியோ வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் ஆட்டுகிறோம். அரைக் கிலோவுக்குக் குறைந்தால் மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. டேபிள்டாப்பை விட மின்சாரமும் கூடுதல். மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் வேண்டாம்.

ஏழு வருடத்தில் பெல்ட் இரண்டு தடவை மாற்றினேன், கெபாசிட்டர் ஒரு தடவை. கல்லை இன்னும் இரண்டு தடவை கொத்தினோம். உளுந்து 35 நிமிடத்திலிருந்து முக்கால் மணிக்குப் போனால் கொத்தும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அலுமினியக் காயிலின் கூத்தையும் சேர்த்து மொத்தச் செலவு ஏழாயிரத்தைத் தாண்டவில்லை.

போன வாரம் ஆட்டும்போது மோட்டார் பக்கம் லேசாக ஒரு கரகரப்பு கேட்டது. ஸ்குரூடிரைவர் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். புல்லி பக்கத்துப் பேரிங்தான். 6203 நம்பர் பேரிங் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.