போபால் மானவ் சங்க்ரஹாலயா: மண்டியிட்டுப் பார்த்த மானிடவியல்

போபாலின் மேல் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் சியாமளா குன்றில், ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய மானவ் சங்க்ரஹாலயா என்னும் அருங்காட்சியகத்தில் இரண்டு பகல்களைக் கழித்தேன். மனிதக் குழுக்களின் உடலையும் வாழ்வையும் ஆராயும் மானிடவியல் இந்தியாவில் வளர்ந்த விதத்தை அறிய விரும்பும் எவரும் ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டிய இடம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

உள்ளரங்கக் கூடத்தை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, திறந்தவெளியிலுள்ள பழங்குடி வாழிடப் பகுதியிலிருந்து தொடங்குவதே நல்லது. அங்குள்ள வீடுகளை அந்தந்தச் சமூகத்தினரே வந்து, தங்கள் வழக்கப்படி கட்டித் தந்திருக்கிறார்கள். நீலகிரித் தோடர்களின் வீடு, நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த பீப்பாயைப் போன்றது. மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கி, புல் வேய்ந்து எழுப்புவது. ஆள் தவழ்ந்து நுழையும் அளவே உள்ள அதன் வாயிலின் முன் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். மலைக் குளிரை வெளியே நிறுத்த அந்தச் சிறிய வாயில் எவ்வளவு உதவும் என்பது, ஊட்டிக்குப் பலமுறை போய்வந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மானிடவியல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை நினைத்தால் இந்த வீட்டின் அருமை இன்னும் விளங்கும். 1885 முதல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இதே தோடர்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து எண்களாகப் பதிவு செய்தார். 1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியலுக்கென்று தனித்துறை உருவானது. மறு ஆண்டே ராஞ்சியில் சரத் சந்திர ராய் மானிடவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். ராய் தொழிலால் வழக்கறிஞர். முண்டா பழங்குடி மக்கள் நிலத்தை இழந்து நீதிமன்றத்தில் தவித்ததைக் கண்டே அவர்களுடைய வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தவர் என்பதால், இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். ஆயினும் அளவெடுக்கும் மரபு எளிதில் விலகவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உடலளவுகளைத் திரட்டி இன வகைகளைப் பிரித்த பி. எஸ். குஹாவே, 1945-இல் தொடங்கிய இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனத்தின் முதல் தலைவரானார்.

1977-இல் டெல்லியில் தொடங்கிப் பின்னர் போபாலுக்கு வந்த இந்த அருங்காட்சியகம், அந்த மரபிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. அளக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் இங்கே கட்டுநர்களாக வந்திருக்கிறார்கள்; எந்த மரம், எந்தப் புல், வாயில் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவர்களுடைய அறிவு. இந்த ஒரு காரணத்துக்காகவே, கண்ணாடிப் பேழைகள் நிறைந்த எந்தக் காட்சிக்கூடத்தையும் விட இதை மேலாக மதிக்கிறேன்.

திங்கட்கிழமை விடுமுறை. ஏற்ற இறக்கமான பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருப்பதால், நல்ல காலணியும் தண்ணீரும் அவசியம். வளாகத்துக்குள்ளேயே தொல்பழங்கால ஓவியங்கள் கொண்ட பாறை ஒதுக்குகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு காலைப் பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள்.