டோர் உலாவி: சுங்கை சிப்புட்டில் ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் தனிமை எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வாழ்க்கை, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகும் முழுதாக மாறிவிடவில்லை. ஒரு கணினியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள், ஒரே அருகலை (வைஃபை) இணைப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாடம் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு என் அக்காள் மகள் தனக்கு வந்த ஒரு நோயைப் பற்றி வீட்டுக் கணினியில் தேடினாள். மறுநாளிலிருந்து அந்த நோய்க்கான மருந்து விளம்பரங்கள், அதே கணினியில் வீட்டுப்பாடம் செய்யும் அவள் தம்பியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. தாயிடம்கூட அவள் சொல்லாதிருந்த செய்தி அப்படித்தான் வெளிப்பட்டது. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இணையத்தில் நாம் யார் என்பதை மறைத்துக்கொள்ள உதவும் டோர் உலாவியை நான் நிறுவியதும் அவளுக்காகத்தான்.

வழக்கமான உலாவியில் உள்ள தனிச் சாளரமே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது கணினியில் தங்கும் வரலாற்றையும், தளங்கள் நம்மை நினைவில் கொள்ள விட்டுச்செல்லும் சிறு கோப்புகளான குக்கிகளையும் அழிக்கும். ஆனால் நாம் போகும் தளத்துக்கு நம் இணைய முகவரி தெரியும், நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்கும் தெரியும். டோர் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. நம் கோரிக்கை பிறர் படிக்க முடியாதபடி மூன்று அடுக்கு மறையாக்கத்தில் பொதியப்பட்டு, உலகின் வெவ்வேறு இடங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகளின் வழியே போகிறது. ஒவ்வொன்றும் ஓர் அடுக்கை மட்டும் உரிக்கிறது. முதல் கணினிக்கு நம்மைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கணினிக்கு இடம் தெரியும், நம்மைத் தெரியாது. வெங்காயத்தின் பெயரைத் தாங்கிய இம்முறை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. 2006 முதல் இலாப நோக்கற்ற டோர் திட்டம் என்னும் அமைப்பு இதைப் பேணி இலவசமாக வழங்கி வருகிறது.

நிறுவுவது கடினமன்று, ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் அலட்சியம் கூடாது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பையும், மென்பொருள்களைத் திரட்டித் தரும் தளங்களையும் நம்பாமல், டோர் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கோப்பின் அருகிலும் கையொப்பக் கோப்பு ஒன்று இருக்கும். அதையும் இறக்கி, கிளியோபாட்ரா போன்ற கருவியில் சரிபார்த்தால், வழியில் எவரும் கோப்பை மாற்றவில்லை என்பது உறுதியாகும். எனக்கு இதற்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. அந்த மாலையை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டிராய்டு கைப்பேசிக்கு டோர் திட்டமே செயலி தருகிறது. ஐபோனில் டோர் உலாவி இல்லை. அதற்கு ஆனியன் பிரவுசர் என்ற செயலியை அவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

திறந்ததும் 'கனெக்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு கோடு மெல்ல நிரம்பும். எங்கள் இணைப்பில் அரை நிமிடம் ஆகிறது. பிறகு ஏதேனும் தளத்துக்குப் போய், முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியை அழுத்தினால், நாம் கடந்துவந்த மூன்று கணினிகளும் அவை இருக்கும் நாடுகளும் வரிசையாகத் தெரியும். முதல் நாள் அதில் செருமனியும் நெதர்லாந்தும் வந்தபோது, என் அக்காள் மகள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "அப்போ நான் சிப்புட்டுல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாதா, மாமா?" என்று கேட்டாள். தெரியாது, நீயாகச் சொல்லாதவரை, என்றேன்.

அந்தப் பின்பாதியை நானே இரண்டாம் வாரத்தில் மறந்தேன். டோர் சாளரத்தில் என் சொந்த மின்னஞ்சலைத் திறந்துவிட்டேன். பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு, முகவரி மறைந்திருந்தும் அந்தச் சேவைக்கு நான் யாரென்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே சொந்தக் கணக்குகளுக்கு வழக்கமான உலாவியையும், மறைவாகப் படிக்க வேண்டியவற்றுக்கு டோரையும் வைத்துக்கொண்டேன். இரண்டையும் கலப்பதே இதில் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. உலாவிக்குப் புது வசதி தரும் கூடுதல் நீட்சிகளைச் சேர்ப்பதும் கேடு, ஏனெனில் டோர் பயனர் எல்லாரும் ஒன்றுபோலத் தெரிவதே பாதுகாப்பு. தனிப்பட்ட நீட்சி நம்மைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும். சாளரத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரம் தோன்றுவதும், நம் திரையின் சரியான அளவை மறைப்பதற்காகவே. பயனர்கள் தமக்குள் நேரடியாகப் பகிரும் டோரண்டு கோப்புகளை இதன் வழியே இறக்கக் கூடாது. இறக்கிய ஆவணங்களை இணையத்தில் இருக்கும்போதே வேறு மென்பொருளில் திறக்கவும் கூடாது, அவை டோரைச் சுற்றிக்கொண்டு நேரடியாக வெளியே தொடர்பு கொள்ளக்கூடும். மறையாக்கம் இல்லாத தளங்களில் நாம் தட்டுவதைக் கடைசிக் கணினியை நடத்துபவர் படிக்க முடியும். எனவே உலாவி எச்சரித்தால் திரும்பிவிட வேண்டும். பாதுகாப்பு நிலையை 'சேஃபர்' என்று வைத்திருக்கிறேன். 'சேஃபஸ்ட்' எல்லாத் தளங்களிலும் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டு நிரல்களை நிறுத்திவிடுவதால் பல பக்கங்கள் வேலை செய்வதில்லை.

டோரைப் பயன்படுத்துகிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அதையும் மறைக்க வேண்டியவர்களுக்கு அமைப்புகளில் 'பிரிட்ஜ்' என்னும், பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு வழிகள் உண்டு. நம் நாட்டில் இதை வெறும் ஆர்வக் கருவியாக நான் கருதவில்லை. 2024 செப்டம்பரில், தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கூகுள், கிளவுட்பிளேர் போன்ற பெயர்த்தேடல் சேவைகளுக்குப் போகும் வினவல்களைத் தம் வழங்கிகளுக்குத் திருப்புமாறு தொடர்பு பல்லூடக ஆணையம் சேவை நிறுவனங்களைப் பணித்து, மக்கள் எதிர்ப்புக்குப் பின் சில நாள்களில் அது கைவிடப்பட்டது. டோரில் பெயர்த்தேடலும் கடைசிக் கணினியிலேயே நடப்பதால் அத்தகைய திருப்பம் அதைத் தொடாது. ஆயினும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் ஆபாசமான, மிரட்டும் பதிவுகள் போன்றவற்றைக் குற்றமாக்கும் 233ஆம் பிரிவு, டோரில் எழுதுபவருக்கும் அப்படியே பொருந்தும்.

குறைகளும் உள்ளன. பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன, காணொளி திக்குகிறது, பல தளங்கள் மனிதரா என்று படங்களைக் காட்டிச் சோதிக்கின்றன. என் வங்கித் தளம் உள்ளே விடவே மறுத்தது. வங்கி வேலையை இதில் செய்யவும் தேவையில்லை. உலாவியின் முகப்பு மலாயில் உண்டு, தமிழில் இல்லை என்பது எனக்கு வருத்தம். சாளரத்தை மூடியதும் வரலாறு அழிந்தாலும், இறக்கிய கோப்புகளும் பக்கக்குறிகளும் கணினியிலேயே தங்கும். அதனால் என் அக்காள் மகள் எதையும் இறக்குவதில்லை. ஈப்போவில் மருத்துவரைப் பார்க்கப் போகும் முதல் நாள் இரவு படித்து, கேட்க வேண்டிய கேள்விகளைப் பள்ளி நோட்டின் கடைசித் தாளில் எழுதி, தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்கிறாள்.