தினமும் சாப்பிட எந்த பட்டர்: வேர்க்கடலையா, பாதாமா, முந்திரியா?

எங்கள் வீட்டில் தோசைக்கும் சப்பாத்திக்கும் தடவிக்கொள்ள நிலையாக இருப்பது வேர்க்கடலை பட்டர், அதாவது வறுத்து அரைத்த கடலை விழுது. பாதாம் பட்டர் எப்போதாவது அரைப்போம். முந்திரி, சமையலோடு சரி. மூன்றையும் கடையில் வாங்கியும் வீட்டில் அரைத்தும் சாப்பிட்ட பிறகு வந்து சேர்ந்த முடிவு இது. பாதாம்தானே உசத்தி, விலைக்குப் பயந்து கடலைக்குப் போய்விட்டீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. விலைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சத்துக் கணக்கு. சர்க்கரையோ வேறு எண்ணெயோ சேர்க்காத பட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு மூன்றுமே ஏறக்குறைய 590 முதல் 615 கலோரி. கொழுப்பு மூன்றிலும் பாதிக்குப் பாதி. எடை குறைக்க எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடையாது. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம் எடுத்தால், எதுவானாலும் 190 கலோரி அளவில் வந்து நிற்கும்.

புரதத்தில் கடலை முந்துகிறது: 100 கிராமுக்கு 22 முதல் 25 கிராம். பாதாமில் 21, முந்திரியில் 17 அல்லது 18. கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவுதான். பருப்பும் சாம்பாரும் தினசரி சாப்பிடும் வீட்டில் அது தானாகவே ஈடாகிவிடும். நயாசின், ஃபோலேட் என்ற இரண்டு பி வைட்டமின்களிலும் கடலைதான் மேல்.

பாதாமின் பலம் வேறு இடத்தில். 100 கிராம் பாதாம் பட்டரில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், 24 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 10 கிராம் நார்ச்சத்து. இரண்டு கரண்டி சாப்பிட்டால் அரை டம்ளர் பாலின் கால்சியமும், ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஈயில் பாதியும் கிடைத்துவிடும். நிறைவுற்ற கொழுப்பும் பாதாமில்தான் மிகக் குறைவு. 100 கிராமுக்கு 4 கிராம் போல. கடலையிலும் முந்திரியிலும் அது 10 கிராம் வரை போகிறது. முந்திரியில் செம்பு, துத்தநாகம், மக்னீசியம் நன்றாக இருக்கின்றன. ஆனால் மாவுச்சத்து அதிகம், நார்ச்சத்து குறைவு.

தாளில் மதிப்பெண் போட்டால் பாதாம் ஒரு படி மேலே வரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் சாப்பிடுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கரண்டி. அந்த அளவில் இந்த வித்தியாசங்கள் எல்லாம் சுருங்கிவிடுகின்றன, ஒருவேளை கால்சியத்தையும் வைட்டமின் ஈயையும் தவிர.

ருசி என்று வந்தால் என் மனம் கடலைப் பக்கம்தான். மிதமான தீயில் பொறுமையாக வறுத்த கடலைக்கு ஒரு மணம் வரும். அரைக்கும்போது அது இன்னும் எழும்பும். பின்னணியில் லேசான இனிப்பு, நாக்கில் கொஞ்சம் ஒட்டும் கனம், ஒரு சிட்டிகை உப்பு போட்டால் போதும். காரத்தோடும் அது சேரும் என்பது நமக்குப் பெரிய வசதி. காய்ந்த மிளகாய், பூண்டு, புளி சேர்த்துக் கரைத்தால் இட்லிக்குச் சட்னி ஆகிவிடுகிறது. பாதாம் பட்டர் சாதுவானது. தோலோடு அரைத்தால் துவர்ப்பு தலைகாட்டும், தோல் நீக்கினால் வாசனை மெலிந்து போகும். நன்றாக வறுத்தால்தான் அதற்கு ஒரு முகம் வருகிறது. வாழைப்பழத்தோடும் ஓட்ஸ் கஞ்சியோடும் அருமையாக இருக்கும், தோசையோடு எனக்கு ஒட்டவில்லை. முந்திரி பட்டர் மூன்றிலும் வழவழப்பானது, இனிப்பானது. முதல் கரண்டி பிரமாதம். தினமும் சாப்பிட்டால் திகட்டிவிடுகிறது.

சரி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது காறல், அதாவது எண்ணெய் கெட்டு வாடை அடிப்பது.

கொட்டை முழுதாக இருக்கும்வரை அதன் எண்ணெய் செல்களுக்குள் சின்னச் சின்னத் துளிகளாக அடைபட்டிருக்கிறது. அரைத்ததும் செல் சுவர்கள் உடைந்து எண்ணெய் அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் வேலை செய்யத் தொடங்குகிறது. வெளிச்சம் அதற்குத் துணை. வெப்பம் அதைவிடப் பெரிய துணை. சித்திரை வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ சமையலறை அலமாரி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் போவது மணம். அப்புறம் அடித்தொண்டையில் ஒரு கசப்பு. கடைசியில் பழைய பெயின்ட் வாடை. அந்த நிலைக்கு வந்தபின் வைட்டமின் ஈயும் பெருமளவு போயிருக்கும், ஏனென்றால் எண்ணெய் கெடாமல் தடுக்கத் தன்னையே முதலில் செலவழிப்பது அதுதான். லேபிளில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்கி, அந்தச் சத்து தீர்ந்துபோன பட்டரைச் சாப்பிடுவதில் என்ன பயன்?

எது சீக்கிரம் காறும் என்பது கொழுப்பின் வகையைப் பொறுத்தது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஒலிக் அமிலம் தாக்குப் பிடிக்கும், லினோலிக் அமிலம் எளிதில் கெடும். பாதாம் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக். நம் ஊர் சாதாரணக் கடலையில் ஒலிக் பாதி, லினோலிக் 30 சதவீதம் போல. ஆக அறிவியல்படி பார்த்தால் பாதாமும் முந்திரியும் அதிக நாள் தாங்க வேண்டும், கடலை முதலில் கெட வேண்டும். ஆனால் வீட்டில் நான் கண்டது நேர்மாறு. விலை உள்ளே நுழைவது இங்கேதான்.

பாதாம் பருப்பு கடலையைப் போல ஐந்தாறு மடங்கு விலை. அந்த விலைக்கு வாங்கிய பாட்டிலை யாரும் தாராளமாகத் தடவுவதில்லை. குழந்தைக்கு ஒரு கரண்டி, விருந்தாளி வந்தால் ஒரு கரண்டி என்று மாதக்கணக்கில் ஓடும். கடையிலும் அதே கதை. வேர்க்கடலை பட்டர் வந்த வேகத்தில் விற்றுவிடும், பாதாம் பட்டர் கண்ணாடி பாட்டிலில், குழல்விளக்கு வெளிச்சத்துக்கு நேர் எதிரே, வாங்க ஆளில்லாமல் நிற்கும். நான் வாங்கிய ஒரு பாட்டில், காலாவதித் தேதிக்கு இன்னும் மாதங்கள் இருந்தும், மூடியைத் திறந்ததுமே வாடை அடித்தது. கடலை விஷயத்தில் இந்தத் தொல்லையே இல்லை. கால் கிலோ வறுத்து அரைத்தால் ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் பத்து நாளில் தீர்ந்துவிடும். அது காறுவதற்கு நாம் நேரமே கொடுப்பதில்லை.

கடை பட்டரில் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கத்தான் அது. 1920களில் அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்பவர் இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றார், அதன்பிறகுதான் பீனட் பட்டர் பாட்டில்கள் தொலைதூரம் பயணம் போக ஆரம்பித்தன. சேர்க்கும் அளவு மிகக் குறைவு என்பதால் அதை நினைத்துப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் பார்வைக்குப் புதிதாக, எண்ணெய் பிரியாமல் இருப்பதால் மட்டும் அது புதிய பட்டர் ஆகிவிடாது. கடையில் வாங்குவதென்றால், பாட்டிலின் பின்பக்கம் கடலையும் உப்பும் மட்டும் எழுதியிருப்பதை எடுங்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கிக்கொள்ளலாம்.

அதிக ஒலிக் உள்ள கடலை ரகங்களும் வந்துவிட்டன. கிர்நார் 4, கிர்நார் 5 என்ற இரண்டில் ஒலிக் 80 சதவீதத்துக்குப் பக்கம். இந்த ரகக் கடலை மளிகைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும்படி வந்தால், காறாமல் தாங்குவதில் பாதாமுக்கு இருக்கும் சாதகமும் போய்விடும்.

கடலையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் காய்ப்பதால் பூசணம் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலுக்குக் கெடுதல், புற்றுநோய்க்கும் காரணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சே அடையாளம் காணப்பட்டது. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்தது அது. வறுத்தால் இந்த நஞ்சு கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. அதனால் பொறுக்குவதில் சோம்பல் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூசணம் தெரிவது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், தோலுக்குள் ஒளிந்திருந்த கறுப்பு அப்போது தெரியும். ஒன்று வாயில் போட்டுக் கசந்தால் அந்தப் பையையே நம்பாதீர்கள். நம் பக்கம் ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசி, கார்த்திகையிலும், மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையிலும் வரும். புதுக்கடலை வரும் அந்த மாதங்களில் நன்கு காய்ந்த கடலையை ஓட்டோடு வாங்கி வைத்து, அரைக்கும்போது உடைத்துக்கொள்வது இருப்பதிலேயே நல்ல வழி. கடலையைக் காப்பதில் அதன் ஓட்டுக்கு நிகரான பாட்டில் கிடையாது.

பாதாமும் முந்திரியும் பூஞ்சைக்கு விலக்கு இல்லை. ஆனால் கடலைக்குக் காட்டும் இந்தக் கறார் வேறு எதற்கும் தேவைப்பட்டதில்லை.

அரைப்பதிலும் கடலை சமர்த்து. கை பொறுக்கும் சூட்டில் மிக்ஸியில் போட்டால் முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டினால் சட்டென்று எண்ணெய் விட்டு இளகும். ஐந்து நிமிடம் போல ஆகும். பாதாமுக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம்; நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டாவிட்டால் மிக்ஸி சூடாகி அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் விழுந்துவிடும். கடையில் கிடைக்கும் வழவழப்பு வேண்டுமானால் டேபிள்டாப் கிரைண்டர் கல்லில் ஓட்டலாம். வெளிநாட்டில் சின்ன அளவில் சாக்லேட் செய்பவர்களில் பலர் கோயம்புத்தூர் பக்கத்துக் கல் கிரைண்டரில்தான் கொக்கோவை அரைக்கிறார்கள். கொட்டைக்கும் அதே வேலைதான். கல்லிலோ ஜாரிலோ சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. தேன், வெல்லப்பாகு ஊற்றினாலும் பட்டர் இறுகிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் காய்ந்த நாட்டுச் சர்க்கரைப் பொடிதான் சரி.

அரைத்ததைச் சின்ன பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே காற்றுக்கு இடம் குறையக் குறைய நல்லது.

இவ்வளவு சொன்னாலும் எல்லாருக்கும் கடலையே என்று சொல்லமாட்டேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கால்சியத்துக்கு வழி தேடுபவர்கள் பாதாமுக்குப் போகலாம், கால் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் அரைக்காமல். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் என்ற பொருள் பாதாமில் அதிகம். எள்ளை அரைத்தும் சாப்பிடலாம். முழு எள்ளில் கால்சியம் பாதாமைவிட அதிகம், ஆனால் அதன் ஆக்சலேட் அதில் நல்ல பங்கைக் கட்டிப்போட்டுவிடும், கசப்பும் எல்லாருக்கும் பிடிக்காது. வால்நட் பட்டரை நான் தொடர்ந்து சாப்பிட்டதில்லை, அதனால் அடித்துப் பேச முடியாது. ஒமேகா 3 அதில்தான் அதிகம். அதே காரணத்தால் எல்லாவற்றிலும் வேகமாகக் காறுவதும் அதுதான். அரைப்பதென்றால் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் அரைக்கலாம்.

கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கடலையைச் சமையலறைக்குள்ளேயே விட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு எந்த பட்டரையும் கட்டியாகக் கரண்டியில் ஊட்டாதீர்கள், தொண்டையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இட்லியிலோ கஞ்சியிலோ மெல்லிதாகக் கலந்து கொடுங்கள்.

முந்திரி பட்டரைப் பாட்டிலாக வாங்குவதற்கு எனக்கு இன்றுவரை ஒரு காரணம் கிடைக்கவில்லை. அதன் மாவுச்சத்து குழம்பைக் கெட்டியாக்கும் என்பதால் குருமாவுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதற்குப் பண்ருட்டிப் பக்கத்து உடைந்த முந்திரியைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அரைத்துக்கொண்டால் போதும்.