அதிபரை எதிர்க்க யாரை நிறுத்துவது? பாளையங்கோட்டை வார இறுதி வகுப்பு: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பகுதியில், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் அரசியல் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. அமெரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபர் மறுபடியும் போட்டியிடும்போது, எதிர்க்கட்சி தன்னிடம் உள்ள தலைவர்களை எப்படி எடைபோடுகிறது, கடைசியில் யாரை நிறுத்துகிறது, அந்தத் தேர்வு எப்போது பலிக்கிறது என்பதே பாடம். நடத்துபவர் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவர் பெயரையும் மையத்தின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். தொடர் முழுவதற்கும் கட்டணம் 600 ரூபாய். மாணவர்களுக்கு அதில் பாதி. கொடுக்கும் பணத்துக்கு மேலாகவே இந்த வகுப்பில் கிடைக்கிறது. ஆயினும் பாடத்திட்டத்தில் இரண்டு இடங்கள் கட்டாயம் திருத்தப்பட வேண்டும்.

நம் ஊரில் வேட்பாளர் தேர்வு என்றால் விருப்ப மனு, அதற்கொரு கட்டணம், தலைமை அலுவலகத்தில் நேர்காணல், பிறகு ஒரு நாள் வெளியாகும் பட்டியல் என்ற அளவில்தான் நமக்குப் பழக்கம். பட்டியலில் பெயர் இருந்தால் வெடி வெடிப்பார்கள். இல்லையென்றால் மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் கூட்டம் கூடும். வாக்காளருக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. அமெரிக்காவிலும் ஒரு காலம் வரை ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது என்பதை முதல் வகுப்பிலேயே பேராசிரியர் சொல்லிவிடுகிறார். 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி முதனிலைத் தேர்தல், அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல், ஒன்றில்கூட நேரடியாகப் போட்டியிடாமல், கட்சிப் பெரியவர்களின் ஆதரவால் மட்டுமே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அவரை வேட்பாளராக்கிய சிகாகோ மாநாட்டுக்கு வெளியே நடந்த கலவரமும் அதன்பின் வந்த தோல்வியும் சேர்ந்து கட்சியின் விதிகளை மாற்ற வைத்தன. மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1972 முதல் வலுப்பெற்றது. புதிய விதிகளை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் மெக்கவர்னே அந்த ஆண்டு வேட்பாளராகி, அப்போதைய அதிபர் நிக்சனிடம் மாசசூசெட்ஸ் தவிர மற்ற 49 மாநிலங்களையும் பறிகொடுத்தார். கட்சித் தொண்டர்கள் விரும்புபவரும் நாட்டு மக்கள் ஏற்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கக்கூடும் என்ற சிக்கலை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கவுரையும் காட்டிவிட முடியாது.

இந்த வகுப்பின் உயிர் அதன் பயிற்சித் தாள்களில் இருக்கிறது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரு தேதி மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தேதி வரை பொதுவெளியில் தெரிந்திருந்த செய்திகள் மட்டுமே தாளில் இருக்கும்: அதிபருக்கு இருந்த மக்கள் ஆதரவு, வேலையின்மை விகிதம், போட்டியிட அறிவித்தவர்கள், தயங்குபவர்கள், ஒவ்வொருவரின் பலமும் பலவீனமும். அதற்குப் பின் நடந்தது எதையும் பேசக் கூடாது. ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, எதிர்க்கட்சியின் நிலையில் நின்று, யாரை நிறுத்தலாம் என்று வாதாடி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

1991 டிசம்பர் 20 என்று தேதியிட்ட தாள்தான் தொடரிலேயே சிறந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வளைகுடாப் போர் முடிந்தபோது, மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்குக் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 89 சதவீத ஆதரவு இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து மிரண்டு ஜனநாயகக் கட்சியின் பெரிய பெயர்கள் பலவும் ஒதுங்கிக்கொண்டன. அல் கோர், டிக் கெப்ஹார்ட், பில் பிராட்லி ஆகிய மூவருமே போட்டியிடவில்லை. மீதமிருந்தவர்களில் பால் சாங்கஸ், டாம் ஹார்கின், பாப் கெர்ரி, ஜெர்ரி பிரவுன் ஆகியோருடன் ஆர்கன்சா என்ற சிறிய மாநிலத்தின் ஆளுநரான பில் கிளிண்டனும் இருந்தார். எல்லோரும் எதிர்பார்த்திருந்ததோ நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோவை. முதனிலைத் தேர்தல் முன்கூட்டியே நடக்கும் மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் மனுத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். அவரை அழைத்துச் செல்ல ஆல்பனி விமான நிலையத்தில் விமானம் காத்திருந்தது. தாள் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர், கிளிண்டனைத்தான் நிறுத்த வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே அடித்துப் பேசினார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, தாளில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க முடிவத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பேசுதிய. இந்தத் தேதியில நின்னு பேசுங்க" என்றார். வட்டாட்சியர் சற்று யோசித்துவிட்டு, அந்தத் தேதியில் தானும் குவோமோவையே சொல்லியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் குவோமோவின் பெயரையே எழுதிக் கொடுத்தன. பிறகுதான் பேராசிரியர் அடுத்த தாளை விநியோகித்தார். மாநில வரவுசெலவுத் திட்டச் சிக்கலைக் காரணம் காட்டி குவோமோ போட்டியிடவில்லை. விமானம் அவரில்லாமலே நின்றது. நியூ ஹாம்ப்ஷயரில் சாங்கஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்த கிளிண்டன், அங்கிருந்து மேலேறி நவம்பரில், மாநிலவாரியாகக் கணக்கிடப்பட்டு அதிபரை முடிவுசெய்யும் 538 தேர்வாளர் வாக்குகளில் 370ஐப் பெற்று புஷ்ஷைத் தோற்கடித்தார்.

இந்த முறையின் அருமை என்னவென்றால், நடந்து முடிந்ததைத்தான் நடந்தே தீர வேண்டியது என்று நினைக்கும் நம் பழக்கத்தை அது வலுவாக உடைக்கிறது. வேட்பாளர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதைவிட, எதிரில் நிற்கும் அதிபரின் குறை எது, அந்தக் குறையைத் தொட்டுப் பேசும் தகுதி இவர்களில் யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பதே சரியான எடை என்பதைப் பேராசிரியர் ஒவ்வொரு வாரமும் வலியுறுத்துகிறார். புஷ்ஷின் குறை போரில் இல்லை, பொருளாதாரத்தில் இருந்தது. புதிய வரி கிடையாது என்று 1988இல் வாக்குறுதி தந்தவர் 1990இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார்; 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதத்தைத் தொட்டது. அன்றாட வாழ்க்கைப் பாடுகளைப் பேசத் தெரிந்த ஓர் ஆளுநர் அந்த நேரத்துக்குப் பொருந்தினார். 1980இலும் இதே கதைதான். பணவீக்கமும் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களின் நிலையும் அதிபர் கார்ட்டரை நெருக்கிக்கொண்டிருந்தபோது, 69 வயதான ரீகன் விவாத மேடையில் மக்களைப் பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்ட ஒரு கேள்வி, எதிர்த்தரப்பின் மொத்தப் பிரசாரத்தையும் தனக்குள் அடக்கிக்கொண்டது.

2004, 2012 ஆகிய ஆண்டுகளுக்கான தாள்கள் சுமாரானவை. இளைய புஷ்ஷை எதிர்க்க முயன்ற ஹோவர்ட் டீன் முன்னணியில் இருந்து, கட்சிக்குள் முதலில் வாக்கெடுப்பு நடந்த அயோவாவில் மூன்றாம் இடத்துக்குச் சரிந்ததும், ஒபாமாவை எதிர்த்த மிட் ராம்னி தன் கட்சிக்குள்ளேயே ஒருவர் மாற்றி ஒருவரைச் சமாளிக்க வேண்டியிருந்ததும் செய்திகளாக மட்டுமே வருகின்றன; குழுக்கள் வாதாடுவதற்கு அவற்றில் போதிய இடமில்லை.

2020 தாள் மறுபடியும் விறுவிறுப்பானது. டிரம்பை எதிர்க்க இருபதுக்கும் மேற்பட்டோர் களமிறங்கிய அந்த ஆண்டில், ஜோ பைடன் அயோவாவில் நான்காம் இடத்தையும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடத்தையும் பெற்றார். பிப்ரவரி நடுவில் தேதியிட்ட அந்தத் தாளை வைத்து அவரைத் தேர்ந்தெடுக்க எந்தக் குழுவும் துணியவில்லை. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தியதையும், அடுத்த மூன்று நாட்களுக்குள் போட்டியாளர்களான புட்டஜெஜ், குளோபஷார் இருவரும் விலகி அவருக்கு ஆதரவளித்ததையும் அறிந்தபோது, கட்சிக்குள் யார் எப்போது விலகுகிறார் என்பதற்கு எவ்வளவு எடை உண்டு என்பது எங்களுக்கு விளங்கியது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தோடு தாய்வழித் தொடர்புள்ள கமலா ஹாரிஸைப் பற்றி, எதிர்பார்த்தபடியே, பலரும் கேட்டார்கள். வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே, 2019 டிசம்பரில், போதிய பணமில்லை என்று சொல்லி அவர் விலகியதைப் பேராசிரியர் விளக்கினார். பிரசாரப் பணம் எங்கிருந்து வருகிறது, சிறு நன்கொடையாளர்கள் எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்கு அந்த இடத்திலேயே இன்னும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இனி குறைகள். முதலாவது, 1984 தாள். ரீகனுக்கு எதிராக வால்டர் மான்டேல் நிறுத்தப்பட்டதை ஒரு தவறான தேர்வாகவே வகுப்பு நடத்திச் செல்கிறது. வரியை உயர்த்துவேன் என்று மாநாட்டு மேடையிலேயே அவர் அறிவித்ததும், கார்ட்டரின் துணை அதிபராக இருந்த சுமை அவர்மேல் இருந்ததும் காரணங்களாக எழுதப்படுகின்றன. கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட கேரி ஹார்ட் நிறுத்தப்பட்டிருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று வகுப்பு முழுவதும் நம்பி எழுந்து போனது. எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. 1982 இறுதியில் 10.8 சதவீதமாக இருந்த வேலையின்மை தேர்தல் ஆண்டில் வெகுவாக இறங்கியிருந்தது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 525 தேர்வாளர் வாக்குகளை ரீகன் பெற்ற அந்த ஆண்டில், எதிர்க்கட்சி யாரை நிறுத்தியிருந்தாலும் தோல்வியின் அளவுதான் கூடவோ குறையவோ செய்திருக்கும். அதிபரின் நிலையை முதலில் எடைபோடு என்று தானே கற்பிக்கும் ஒரு வகுப்பு, இந்த ஓர் ஆண்டில் மட்டும் அதை மறந்து முழுப் பழியையும் தோற்றவரின் தலையில் போடுவது நியாயமில்லை. 1945க்குப் பிறகு பொதுத்தேர்தலில் நின்று தோற்ற பதவியிலிருந்த அதிபர்கள் ஃபோர்டு, கார்ட்டர், மூத்த புஷ், டிரம்ப் ஆகிய நால்வர் மட்டுமே. தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் பெரும்பாலோர் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் நின்ற ஆண்டு அப்படி. இதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்து அதிபர் தேர்தலைப் படிக்கிறவர்களுக்கு, தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையைப் பற்றி ஒரு வரிகூட இந்தத் தொடரில் இல்லை. கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தாக்களும், தேயிலைத் தோட்டங்களில் இருந்து திரும்பிவந்த குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். வகுப்பில் இருந்தவர்களிலேயே சிலருக்கு அங்கே உறவு உண்டு. இது ஊர்ப்பற்றில் சொல்வது மட்டுமில்லை. பாடத்துக்கே அது தேவை. அமெரிக்காவில் எதிர்க்கட்சி தன் ஆட்களுக்குள்ளேதான் தேடுகிறது. இலங்கையின் எதிர்க்கட்சிகளோ 2014இல் ஆளும் கட்சிக்குள்ளிருந்தே ஆளை எடுத்தன.

2010இல் முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைப் பொது வேட்பாளராக நிறுத்தியபோது, மகிந்த ராஜபக்ச 57.88 சதவீத வாக்குகளுடன் வென்றார். போரை முடித்துவைத்தவர் என்ற பெயரைப் பங்குபோடக்கூடிய ஒருவரை நிறுத்தினால் போதும் என்ற அந்தக் கணக்கு தவறியது. அடுத்த முறை ஐக்கிய தேசியக் கட்சி தன் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவையே ஒதுக்கிவைத்துவிட்டு, ராஜபக்சவின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகவும் அவருடைய கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேனவை ஏற்றுக்கொண்டது. 2015 ஜனவரி 8 அன்று சிறிசேன 51.28 சதவீதம் பெற்றார், ராஜபக்ச 47.58 சதவீதத்தோடு வீட்டுக்குப் போனார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்களும், நாடெங்கும் முஸ்லிம்களும் அளித்த வாக்குகள் இல்லாமல் அந்த வெற்றி கிடையாது. எதிர்க்கட்சி தன் கொடியையே கீழே வைக்கத் துணிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் அமெரிக்க வரலாற்றில் கிடைக்காது. 2024இல் பதவியிலிருந்த ரணிலே தோற்று, முதல் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டாததால் இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டு, அநுர குமார திசாநாயக்க அதிபரானது வேறொரு வகுப்புக்கே போதுமான பொருள்.

இடவசதி பற்றிச் சுருக்கமாக. மின்விசிறிகள் நன்றாக ஓடுகின்றன; பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் குரல் தெளிவாகக் கேட்கிறது. படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். இடைவேளையில் சுக்குக் காப்பி தருகிறார்கள். இரு சக்கர வாகனங்களைத் தெருவோரத்தில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நேரடியாக மதிப்பெண் தரும் வகுப்பாக இதை எண்ணிச் சேர வேண்டாம். செய்தித்தாளில் எந்த நாட்டுத் தேர்தல் செய்தியைப் படித்தாலும் அடுத்த கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை விரும்புகிறவர்கள் தயங்காமல் சேரலாம்.

பேராசிரியரிடம் நான் நேரில் வைத்த கோரிக்கையை இங்கேயும் பதிவு செய்கிறேன். அடுத்த தொடருக்கு 2014 நவம்பர் 21 என்று தேதியிட்ட ஒரு தாளைச் சேர்க்க வேண்டும். சிறிசேன அரசை விட்டு வெளியேறிய அந்த நாளில் ரணிலுக்கும் அவருக்கும் இருந்த பலம், சிங்கள வாக்காளரிடம் ராஜபக்சவுக்கு இருந்த செல்வாக்கு, அதிபர் இரண்டு முறைக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற வரம்பை 2010இல் நீக்கிய பதினெட்டாம் திருத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்காளர் இவர்களில் யாரை ஏற்பார் என்ற கேள்வியும் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.