டைல்ஸ் கட்டிங் மிஷினில் கல் அறுத்த ஓராண்டு

சென்ற ஆண்டு, பாரிமுனை லிங்கிச் செட்டி தெருவில் உள்ள ஒரு கருவிக் கடையில், மேசைமேல் வைத்து இயக்கும் டைல்ஸ் கட்டிங் மிஷின் ஒன்றை 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். தரைக்கு ஓடு பதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பல ஆண்டுகளாகப் பொறுக்கிச் சேர்த்த கற்களை வீட்டிலேயே அறுத்து உள்முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதைச் சொன்னதும் கடைக்காரர், "சார், இது டைல்ஸுக்குத்தான். கருங்கல்லைப் போட்டா பிளேடு சீக்கிரம் போயிடும்" என்று எச்சரித்தார். அவர் சொன்னது பாதி உண்மை. பிளேடு போகும், ஆனால் கல்லும் அறுபடும், அதுவும் நன்றாகவே அறுபடும். உள்ளங்கைக்குள் அடங்கும் கற்களுக்கு இந்த இயந்திரம் போதும் என்பதே ஓராண்டுக்குப் பின் என் தீர்ப்பு.

இதன் அமைப்பு எளிமையானது. கீழே தண்ணீர்த் தொட்டி, அதற்குமேல் ஒரு தகட்டு மேசை, மேசையின் பிளவு வழியாக மேலெழும் 180 மி.மீ. வைரப் பிளேடு, பக்கவாட்டில் 600 வாட் மோட்டார். பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,950 சுற்றுச் சுற்றும். அதன் அடிவிளிம்பு தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே வரும். மேசைக்கு மேல் பிளேடு 35 மி.மீ. அளவே தெரிவதால், அதைவிடப் பருமனான கல்லை ஒரு பக்கம் அறுத்து, திருப்பிப்போட்டு மறுபக்கம் அறுக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்கள் கையில் பிடித்து அறுக்கும் மார்பிள் கட்டர் இதைவிட மிகவும் மலிவு. ஆனாலும் சிறு கல்லுக்கு அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குமேல் ஓடும் கருவியை ஒரு கையிலும், உருளும் கல்லை மறு கையிலும் பிடிப்பது விபத்தை அழைப்பதற்குச் சமம். மேசை இயந்திரத்தில் பிளேடு ஓரிடத்தில் நிற்கிறது, கல்தான் நகர்கிறது. பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நான் முதலில் அறுத்தது, நங்கநல்லூரில் எங்கள் தெருவில் இடித்த ஒரு பழைய வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த, சார்னோக்கைட் என்னும் கருங்கல் வகைத் துண்டு. பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் இந்தக் கல்லால் ஆனவை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் இதற்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். நம் ஊர்க் கல்லுக்கு வேற்றூர்க் கல்லறை ஒன்றால் பெயர் வந்தது எனக்கு எப்போதுமே சற்று மனக்குறைதான். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் ஆகையால் அங்கே சுத்தியலை எடுக்கக் கூடாது. ஆனால் இடிபாட்டுக் குவியல்களில் கிடைப்பதே தாராளமாக இருக்கிறது. வெளியே எண்ணெய்ப் பிசுக்கேறிய சாம்பல் நிறத்தில் மந்தமாகக் கிடந்த அந்தத் துண்டை அறுக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது, ஈரமான முகத்தில் நீலம் ஓடிய படிகக் கற்களும், இடையிடையே வெண்கலம்போல் மின்னும் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமத் துகள்களும் தெரிந்தன. ஐம்பது வயதில் நான் வாயடைத்து நின்ற தருணங்களில் அதுவும் ஒன்று.

அறுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டைல்ஸுக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் தொடங்குகிறது. டைல்ஸ் தட்டையானது; மேசையில் ஆடாமல் படுக்கும். உருண்டைக் கல்லோ பிளேடு பிடித்த கணத்தில் புரளப் பார்க்கும், புரண்டால் பிளேடு பிளவுக்குள் இறுகிக் கல்லைத் தூக்கி எறியும். ஆகவே தட்டையான அடி இல்லாத எந்தக் கல்லையும் நேராக மேசையில் வைப்பதில்லை. ஒரு மரக்கட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து, கல்லை அதில் பதித்து, மறுநாள் கட்டையோடு சேர்த்துத் தள்ளுகிறேன். தள்ளும்போது விசை கொடுக்கக் கூடாது. பிளேடு தானாகத் தின்னும் வேகத்துக்குக் கல்லை ஒப்புக்கொடுத்தால் போதும். அவசரப்பட்டால் முதலில் ஓசை மாறும். சீரான இரைச்சல் தாழ்ந்து முனகலாகும். அந்த முனகலைக் கேட்டதும் கையைப் பின்னிழுக்கப் பழகிக்கொண்டால் மோட்டாரும் பிழைக்கும், பிளேடும் வளையாது. பருத்திக் கையுறை அணிவது ஆபத்து, சுழலும் பிளேடு துணியைப் பற்றிவிடும். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி அறுபடுவதில்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து நண்பர் கொண்டுவந்து கொடுத்த சந்திரகாந்தக் கல்லை (மூன்ஸ்டோன்) அலட்சியமாக அறுத்து இழந்தது எனக்கு இன்றும் வருத்தம். கடினத்தில் மோஸ் அளவுகோலின்படி அது 6, குவார்ட்ஸுக்கு (படிகக் கல்) 7. எனவே எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் அது ஃபெல்ஸ்பார் என்னும் கனிம இனம். ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான இரு தளங்களில் பிளவுபடும் இயல்புடையது. பிளேடின் அதிர்வில் பாதி வழியிலேயே மூன்றாக உடைந்தது. மிச்சமிருந்த துண்டிலும் அதற்கே உரிய நிலா வெளிச்சம்போன்ற ஒளி தெரியவில்லை, ஏனெனில் ஒளி தரும் அடுக்குகளுக்கு இணையாக முகம் அமைய வேண்டும் என்பதைக் கவனிக்காமல் குறுக்கே அறுத்துவிட்டேன். குவார்ட்ஸ் வகையான அகேட் இதற்கு நேர் எதிர்: கடினம் அதிகம், நேரம் பிடிக்கும், ஆனால் உடையாமல் கண்ணாடிபோல் அறுபட்டு வளையங்களைக் காட்டும்.

இயந்திரத்தோடு வந்த பிளேடு மட்டமான ரகம். பற்களுக்கு இடையே வெட்டுவாய் விட்ட அந்த வகை கல்லின் விளிம்பைச் சிதைக்கிறது. விளிம்பு முழுவதும் இடைவெளியின்றி ஓடும் பிளேடை 1,100 ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்கிய பிறகுதான் முகம் சுத்தமாக வந்தது. சில வாரங்களில் அதுவும் அறுக்காமல் வழுக்கத் தொடங்கியபோது தேய்ந்துவிட்டதாகவே நினைத்தேன். உண்மையில் வைரத் துகள்கள் தேயவில்லை. அவற்றைப் பிடித்திருக்கும் உலோகம் அவற்றை மூடிக்கொண்டிருந்தது. கடினமான கல்லை மட்டும் தொடர்ந்து அறுத்தால் இப்படி ஆகும். ஒரு செங்கல்லையோ பழைய சாணைக்கல் துண்டையோ நாலைந்து முறை அறுத்தால், சொரசொரப்பான துகள் அந்த உலோகத்தை அரித்து வைரத்தை மீண்டும் வெளியே கொண்டுவருகிறது. இது தெரியாமல் பிளேடைத் தூக்கி எறிகிறவர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நொடியும் அறுக்கக் கூடாது. பிளேடு சூடேறுவது ஒரு காரணம், அதைவிடப் பெரியது நுரையீரல். குவார்ட்ஸ் தூசி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறை தலைமுறையாக அகேட் சாணை பிடிக்கும் தொழிலாளர்கள் அதற்குப் பலியாகிவருகிறார்கள். நாம் பொழுதுபோக்காகச் செய்வதற்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. ஈரமாக அறுத்தாலும் நீர்த்துளிகளோடு துகள் பறப்பதால், திறந்த மொட்டை மாடியில், என்95 முகக்கவசத்தோடுதான் வேலை செய்கிறேன். தொட்டியில் சேரும் சாம்பல் சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரைச் செடி இல்லாத இடத்தில் ஊற்றி, வண்டலை உலரவிடாமல் ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சாதனம் இல்லாத இணைப்பில் இதைச் செருகக் கூடாது. வயரில் வழியும் நீர் பிளக்கை எட்டாதபடி, வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுவதும் அவசியம்.

குறைகளும் உண்டு. கல்லை நேராக வழிநடத்த வேண்டிய பக்கச்சட்டம் இறுக்கினாலும் நகர்கிறது. இரண்டு சி கிளாம்ப் போட்டுத்தான் நிறுத்தினேன். பிளேடின் மேல்மூடி சற்று உயரமான கல்லுக்கே தடையாகிறது. அதைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; செய்ய வேண்டாம், கல்லைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். மோட்டார்த் தகட்டில் எஸ்2 10 நிமிடம் என்று பொறித்திருப்பதன் பொருள், பத்து நிமிடம் ஓட்டினால் ஆறும்வரை நிறுத்த வேண்டும் என்பது. அதனால் பெரிய கல்லை ஒரே மூச்சில் முடிக்க இயலாது. சென்னையின் உப்புக்காற்றில் தகட்டு மேசை மூன்றே மாதத்தில் துருப்பிடித்தது. இப்போது ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை லேசாகப் பூசிவிட்டே மூடுகிறேன். இரைச்சல் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யும் என்பதால் ஞாயிறு காலை பதினொரு மணிக்குமேல் ஒரு மணி நேரம் என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நகைக்குப் பட்டை தீட்டும் அளவுக்கு நுணுக்கம் வேண்டுவோருக்கு இது உதவாது. 2 மி.மீ. பருமனுள்ள பிளேடு விலையுயர்ந்த கல்லில் பாதியைச் சேறாக்கிவிடும். மாணவர்களுக்கும், கல்லின் உள்ளைப் பார்க்கத் துடிப்பவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். மெருகுக்குத் தனி இயந்திரமும் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரை, சொரசொரப்பான 220ஆம் எண்ணில் தொடங்கி மிக நயமான 2000 வரை, கண்ணாடித் துண்டின்மேல் வைத்து நீரோடு தேய்த்தாலே போதும். சார்னோக்கைட்டின் இன்னொரு பாதி இப்போது 800இல் நிற்கிறது; நீலம் மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது.